பழவேற்காட்டுப் பலகை

அன்பு மாப்ளே,

பதில் போடத் தாமதம்தான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்போகிற பலகைக்கு வாசகம் எழுதுகிற வேலையை வாத்தியார் உன் தலையில்தான் கட்டுவார் என்று அப்போதே சொன்னேனே. கையெழுத்து மட்டும் இன்னும் அதே கோழிக்கிறுக்கல்!

நீ அனுப்பிய வரைவில் 1613-ல் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இருக்கிறது. 1690-ல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது, 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை எதற்காக நின்றது என்பதைக் காணோமே? சோழமண்டலத் துணி இங்கிருந்து கப்பலேறித்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாறியது. பஞ்ச காலத்தில் வயிற்றுக்காக விற்கப்பட்ட சனங்களை அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிய துறையும் இதுதான். கல்லறையில் கிடப்பவர்களுக்குக் குலச்சின்னம் செதுக்கிய கல் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்குப் பலகையில் ஒரு வரியாவது வேண்டாமா? இடம் போதவில்லை என்றால் கவர்னர் பெயர்களை வெட்டு. இதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

வாசகம் தமிழில் 100 சொல்லைத் தாண்டக் கூடாது. வெயிலில் நின்று அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. கல்லறைத் தோட்ட வாசலின் இரு பக்கமும் நிற்கிற எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பற்றித்தான் வருகிறவர்கள் முதலில் கேட்பார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்கு. சாவை மறக்காதே என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் கல்லறைகளில் வைக்கிற அடையாளம் அது. பேய்க்கதைக்கு இடம் கொடுக்காதே.

கல்லறைக் கல்லில் ஆண்டைப் படிக்கச் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தடவ விடாதே. எண்ணெய் கல்லுக்குள் இறங்கிக் கறையாகத் தங்கிவிடும், அதில் தூசியும் ஒட்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடு. இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி. தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து 1-ம் 7-ம் தனித்தனியாகத் தெரியும். மைப்படி, அதாவது கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது, அதற்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். பொருக்கு விடுகிற கல்லில் அனுமதி கிடைத்தாலும் எடுக்காதே, பிரஷ்ஷால் தட்டும்போது எழுத்தே உதிர்ந்துவிடும்.

பலகையைச் சுவரில் அடிக்காதே. துளை போட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே போகும். காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசம். பழைய சுண்ணாம்புச் சாந்துதான் மூச்சுவிடும். அதனால் தனிக்காலில், கல்லறைகளை விட்டுத் தள்ளி, படிக்கிறவன் நிழல் எழுத்தின்மேல் விழாதபடி நிறுத்து. இரும்புச் சட்டம் கடல்காற்றில் துருப்பிடித்து வழியும். ஸ்டிக்கர் வெயிலில் உரியும். கருங்கல்லில் வெட்டிய எழுத்துக்கு ஈடு இல்லை. தகடுதான் முடியுமென்றால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. ஆணியும் அதே தரத்தில் இருக்கட்டும். ஆணி வேறு உலோகமானால் அந்த இடத்தில்தான் முதலில் அரிக்கும்.

குழி தோண்டுமுன் மத்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. கல்லறை அவர்கள் பாதுகாப்பில் இருக்கிறது. எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானத்துக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. வாய்ச்சொல்லை நம்பி ஒரு கடப்பாரைகூட இறங்கக் கூடாது, பள்ளத்தில் மனித எலும்பு இருக்கலாம்.

அடிமைகள் பற்றிய வரியை நீயே எழுது. உனக்குத்தான் சுருக்கமாக வரும். எழுதியதும் உடனே அனுப்பு, கல்வெட்டுகிறவர் கைக்குப் போகுமுன் நான் ஒருதடவை எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்