விழுந்து கெடக்குற ஷேர வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி,

நேத்து நீ போன்ல கேட்டப்ப வண்டியில வந்துட்டிருந்தேன், சரியா பதில் சொல்ல முடியல. மார்க்கெட் ஒரு வருஷமா எந்திரிக்கவே இல்ல, நல்ல நல்ல கம்பெனியெல்லாம் பி.இ. (ஷேர் விலை, ஒரு ஷேருக்கு வர்ற வருஷ லாபத்தப் போல எத்தன மடங்குங்கற கணக்கு) எட்டு ஒம்பதுல கெடக்கு, இப்ப வாங்கலாமாண்ணேன்னு கேட்ட. தாராளமா வாங்கலாம்டா. ஆனா அந்த கம்பெனிக்கு எவ்வளவு கடன், நீ போடுறது எந்த காசு, இந்த ரெண்டையும் பாத்துட்டு வாங்கு.

கோல் இந்தியாவ எடுத்துக்க. 2010ல ஐ.பி.ஓ.ல, அதாவது மொத மொதல்ல ஷேர பொதுமக்களுக்கு வித்தப்ப, விலை 245 ரூபா, பத்து வருஷம் கழிச்சு 2020 அக்டோபர்ல 120க்கும் கீழ வந்துருச்சு. வச்சிருந்தவன் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்! ஆனா நடுவுல டிவிடெண்ட், அதான் லாபத்துல குடுக்குற பங்கு, வந்துட்டே இருந்துச்சு, 2014 ஜனவரியில ஒரே தடவையா ஷேருக்கு 29 ரூபா குடுத்தாங்க. கரி தோண்டுறது நிக்கல, கடனும் பெருசா இல்ல, அதான் தாக்குப்புடிச்சு 2024ல 500ஐ தாண்டுச்சு.

இதுக்கு நேர் எதிர் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ்ங்கற போன் கம்பெனி. 2008 ஜனவரியில 800 ரூபாக்கு மேல. பாதி விலைக்கு வந்தப்பவும் சீப்புன்னு வாங்குனாங்க, நூறுக்கு வந்தப்பவும் சீப்புன்னு வாங்குனாங்க. 40,000 கோடிக்கு மேல கடன், 2019ல திவால் கேஸாவே போயிருச்சு.

பி.இ.ய மட்டும் நம்பாத. ஸ்டீல் மாதிரி தொழில்ல லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான் பி.இ. கம்மியா தெரியும், அடுத்த வருஷம் லாபம் பாதியாச்சுன்னா அதே விலையில பி.இ. டபுள் ஆயிரும்.

நானே மாட்டிருக்கேன்டா. 2011ல ரோடு போடுற ஒரு கம்பெனி, 90ல வாங்குனேன், 60ல இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணேன், 35ல மறுபடி ஆவரேஜ். ஆனுவல் ரிப்போர்ட்ல புக் வேல்யூ (கடன் போக ஒரு ஷேருக்கு வர்ற சொத்து மதிப்பு) 140ன்னு இருந்தத பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன், நாலு பக்கம் தள்ளி, வர்ற லாபத்துல முக்காவாசி வட்டிக்கே போகுதுன்னு இருக்கு, அத பாக்கவே இல்ல. அப்புறம் அம்மா ஆபரேஷனுக்கு அவசரமா காசு வேணும்னு வந்தப்ப 11 ரூபாக்கு வித்தேன், அந்த ரிப்போர்ட் இன்னும் பீரோலதான் இருக்கு.

பாப்பாவுக்கு ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்னியே, அந்த காசத் தொடாத. மிச்சத்தையும் ஒரே நாள்ல போட்டுறாத, இது இன்னும் எத்தன மாசம் இழுக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நீ சொன்ன ரெண்டு கம்பெனிக்கும் அஞ்சு வருஷ கேஷ் ஃப்ளோவ, அதாவது நெசமா கைக்கு வந்த காசு, போன காசு கணக்க, பிரிண்ட் எடுத்துட்டு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, உக்காந்து பாப்போம்.

அண்ணன்