பயிற்றுநர் விலகும் செய்தி மாணவருக்கே முதலில் தெரியவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பருவம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்ததும், எந்தப் பயிற்றுநர் அடுத்து என்பிஏ எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் குழு ஒன்றுக்குப் போகப்போகிறார் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. சிங்கப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் காற்பந்துக்குக் கிடைக்கும் இடம் கூடைப்பந்துக்கு இல்லை என்றாலும், பிள்ளைகள் பள்ளியில் கூடைப்பந்து விளையாடும் வீடுகளில் இந்தப் பேச்சு சாப்பாட்டு மேசை வரை வருகிறது. அங்கு நான் கேட்கும் கருத்துகள் இரண்டே. போனவர் பணத்துக்கு ஆசைப்பட்டார் என்பது ஒன்று. போகாதவர் பிழைக்கத் தெரியாதவர் என்பது மற்றொன்று. பத்தொன்பது ஆண்டுகள் ஓர் அக்கம்பக்க உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்ற முறையில், இரண்டுமே மாணவர்களை மறந்து பேசும் பேச்சு என்று எண்ணுகிறேன்.

2024 ஜூன் பள்ளி விடுமுறையில், அப்போது தொடக்கநிலை ஐந்தில் படித்துக்கொண்டிருந்த என் பேரன் காலையிலேயே கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டி, "தாத்தா, ஹர்லி போகலையாம்" என்றான். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் குழுவின் பயிற்றுநர் டான் ஹர்லி, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழு ஆறாண்டுக்குத் தர முன்வந்ததாக ஊடகங்கள் தெரிவித்த ஏறத்தாழ 70 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்ற செய்தி அது. ஹர்லி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும், அதாவது 2023இலும் 2024இலும், தம் பல்கலைக்கழகத்துக்குத் தேசிய வெற்றியாளர் பட்டத்தை வாங்கித் தந்தவர். 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செய்த பிறகு, தொடர்ந்து இரு முறை அந்தப் பட்டத்தை வென்ற ஆண்கள் குழு வேறில்லை. அப்பல்கலைக்கழகம் இருப்பது ஸ்டோர்ஸ் என்னும் சிற்றூரில். அழைத்ததோ, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரத்தில் இருக்கும், உலகெங்கும் பெயர் தெரிந்த குழு.

அன்று மதியம் என் மகன் அதை முட்டாள்தனம் என்றார். மருமகள் அதைத் தியாகம் என்றார். தியாகம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அடுத்த மாதமே அதே பல்கலைக்கழகம் அவருக்கு ஆறாண்டுக்கு 50 மில்லியன் டாலர் அளவிலான புதிய ஒப்பந்தம் தந்தது. அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு தங்குபவரைத் தியாகி என்றால், உண்மையில் இழந்து தங்குபவர்களுக்கு நாம் என்ன சொல்லை வைத்திருப்போம்? முட்டாள்தனம் என்பதும் சரியன்று. பல்கலைக்கழகப் பயிற்றுநர் பணியும் தொழில்முறைக் குழுவின் பயிற்றுநர் பணியும் பெயரில்தான் ஒன்று. முன்னதில், யாரைச் சேர்ப்பது என்று தேடிப்போய்ப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெற்றோரிடம் பேசிச் சேர்ப்பவர் பயிற்றுநரே. பருவத்துக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது ஆட்டங்கள், இடையே பயிற்சிக்கு நாள்கள் உண்டு. என்பிஏவில் வழக்கமான பருவத்துக்கு மட்டும் 82 ஆட்டங்கள். விமானத்திலும் விடுதியிலும் கழியும் அந்த மாதங்களில் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் வேலை. முன்னணி ஆட்டக்காரரின் ஊதியம் பயிற்றுநரின் ஊதியத்தைப்போல் பல மடங்கு என்பதால், கருத்து வேறுபாடு வந்தால் வெளியேறுபவர் யார் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்.

போனவர்களின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு 1996இல் பட்டம் வாங்கித் தந்த ரிக் பிட்டினோ, மறு ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவுக்குப் போனார். 102 வெற்றி, 146 தோல்வி என்ற கணக்கோடு 2001 ஜனவரியில் பதவி விலகினார். அவர் விட்டுச்சென்ற கென்டக்கியோ, புதிய பயிற்றுநரின்கீழ் 1998இல் மீண்டும் பட்டம் வென்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நற்பெயர் எடுத்த ஜான் பீலைன், 2019இல் கிளீவ்லேண்ட் குழுவுக்குச் சென்று முதல் பருவத்தையே முடிக்காமல் விலகினார். மாறாக, பட்லர் என்னும் சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 2013இல் பாஸ்டனுக்குப் போன பிராட் ஸ்டீவன்ஸ் அங்கேயே நிலைத்து, பின்னர் நிர்வாகத் தலைவராகி, 2024இல் அக்குழு பட்டம் வென்றதைப் பார்த்தார். ஆகவே, போனால் கெட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகப் பட்டத்தையும் என்பிஏ பட்டத்தையும் பயிற்றுநராக வென்றவர் லேரி பிரவுன் ஒருவரே என்பதிலிருந்து, ஒரு தொழிலின் கைப்பழக்கம் மற்றதில் எவ்வளவு அரிதாக உதவுகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

தங்கியவர்களில் என் மனத்தில் நிற்பவர் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் சிசெஃப்ஸ்கி. 2004இல் அவரையும் இதே லேக்கர்ஸ் குழு ஐந்தாண்டுக்கு 40 மில்லியன் டாலர் தருவதாக அழைத்தது. அவர் போகவில்லை, 2022 வரை டியூக்கில் இருந்தார், 2010, 2015 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் அந்த மறுப்புக்குப் பின் வந்தவை. முடிவெடுக்கும் நாள்களில் மாணவர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் தம்மை நெகிழச் செய்ததாக அவரே செய்தியாளர்களிடம் கூறினார். அத்தனை பெரிய பேரத்தின் நடுவே மாணவர் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதைப் பயிற்றுநர் படித்திருக்கிறார் என்பதை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

டான் ஹர்லியின் தந்தை பாப் ஹர்லியைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், சொந்த உடற்பயிற்சிக் கூடம்கூட இல்லாத செயின்ட் ஆண்டனி என்ற சிறு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில், 1972 முதல் 2017இல் அந்தப் பள்ளி மூடப்படும்வரை பயிற்றுநராக இருந்தவர் அவர். நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே, இருபத்தைந்து முறைக்கு மேல் மாநிலப் பட்டம் வென்று, 2010இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். தியாகம் என்ற சொல்லை யாருக்காவது தரவேண்டுமென்றால் அந்தத் தந்தைக்குத் தரலாம்.

இப்போது, நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். ஹர்லி லேக்கர்ஸுடன் பேசுகிறார் என்ற செய்தி 2024 ஜூன் 6ஆம் தேதி வெளியாகி, அவர் மறுத்தது 10ஆம் தேதி. அந்த நான்கு நாள்களும் அவருடைய மாணவர்கள், அவரை நம்பி வேறு பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு வந்தவர்கள், தங்கள் அடுத்த ஆண்டு என்னவாகும் என்பதை நம்மைப் போலவே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அமெரிக்க மாணவருக்கு ஒரு வழி உண்டு. பயிற்றுநர் விலகினால், மாணவரும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள விதிமுறைகள் தனி அவகாசம் தருகின்றன. பெரியவருக்குக் கதவு திறந்திருந்தால் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும் என்ற அந்த ஏற்பாடு நியாயமானது.

நம் ஊரில் அப்படி இல்லை. விளையாட்டு போன்ற திறமையைப் பார்த்து இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கையின்வழி கூடைப்பந்துக்காக ஓர் உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறும் பிள்ளை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வருமுன்பே அந்தப் பள்ளிக்கு உறுதி கொடுத்துவிடுகிறது. முடிவு எப்படி வந்தாலும் வேறு பள்ளிக்கு மாற முடியாது. அந்த விதியில் நியாயம் இருக்கிறது. இடங்கள் குறைவு, கொடுத்த சொல் காக்கப்படவேண்டும். ஆனால் எந்தப் பயிற்றுநரை நினைத்து அந்தப் பிள்ளையும் பெற்றோரும் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர் பல பள்ளிகளில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர்; பயிற்சி வேளைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர்; ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஓடுபவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நான்கு ஆண்டுக்குக் கட்டுப்படுகிறது. பயிற்றுநரின் ஒப்பந்தம் அதற்குள் எந்த மாதத்தில் முடியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பாசிரியராக இருந்த பள்ளியில், ஐந்து ஆண்டுகள் எங்கள் பையன்களை வளர்த்த பயிற்றுநருக்கு வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் தொழில்முறைக் குழுவின் துணைப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். நிலையான மாதச் சம்பளம் என்பது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வராது. ஆனால் மாற்று ஆள் கிடைக்கும்வரை மாணவர்களிடம் சொல்லவேண்டாம் என்று நிர்வாகம் அவரிடம் கேட்டுக்கொண்டது. எனக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தெரியும். வகுப்பில் கணிதம் நடத்தினேன், மாலையில் பயிற்சியின்போது தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மண்டலப் போட்டி தொடங்க மூன்று வாரம் இருந்தபோது, இன்னொரு பள்ளியின் ஆட்டக்காரன் ஒருவன் சமூக மன்றத் திடலில் எங்கள் பையன்களிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை அணித்தலைவன், உயர்நிலை நான்கில் படித்த ஒரு தமிழ்ப் பையன், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சார், கோச் எங்ககிட்ட ஏன் சொல்லல? உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டான். தெரியும் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பருவம் முழுக்க அவன் பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் என்னிடம் அதற்குப் பிறகு எதையும் கேட்கவும் இல்லை. போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அந்தத் தோல்வி எனக்கு ஆறிவிட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனது மட்டும் ஆறவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் பயிற்றுநர் விடுமுறைக்கு வந்தபோது தேக்காவில் சந்தித்துக் காப்பி குடித்தோம். தாம் போனதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. கடைசிப் பயிற்சி நாளன்று வழக்கம்போல் "செவ்வாய்க்கிழமை பார்ப்போம்" என்று பையன்களிடம் சொல்லிவிட்டுப் போனதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

ஆகவே, பயிற்றுநர்களைப் பிடித்து வைக்கும் வழி எதையும் நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, உயரும் ஆசை உண்டு. பள்ளித் திடலில் தேர்ந்தவர் ஒருவரைப் பெருநகரக் குழு அழைப்பது நம் எல்லாருக்கும் பெருமைதான். நான் கேட்பவை சிறியவை. பயிற்றுநரின் ஒப்பந்தக் காலத்தை அலுவலக வசதிக்கு ஏற்ப வகுக்காமல், மாணவரின் படிப்புக் காலத்தையும் போட்டிப் பருவத்தையும் ஒட்டி, உயர்நிலைப் பள்ளியில் நான்காண்டு, தொடக்கக் கல்லூரியில் இரண்டாண்டு என்று வகுக்கப் பள்ளிகள் முயலவேண்டும். நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரிடம் அந்தக் காலத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். விலகுவது உறுதியானால், அதை மாணவர்களிடம் பயிற்றுநரே தம் வாயால், வேறு எவருக்கும் முன்பாகச் சொல்ல நிர்வாகம் இடம் தரவேண்டும். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பது பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் உண்மையை மறைக்கப் போதிய காரணமன்று. ஒப்பந்தப் பயிற்றுநர்கள் பலரை அமர்த்தியிருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் இது பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளியின் பொது வரவேற்பு நாளில் கோப்பைகள் அடுக்கியுள்ள கண்ணாடி அலமாரியைப் படம் எடுக்கிறோம். அந்தக் கோப்பைகளை வாங்கித் தந்தவர் இன்னும் அங்கு இருக்கிறாரா என்று கேட்பதில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகள் கூடைப்பந்துக் குழுக்களில் பெரும்பாலும் ஒருவர் இருவராகவே இருக்கிறார்கள். பெரும்பாலான ஆட்டக்காரர் தம்முள் மாண்டரினில் பேசிக்கொள்ளும் குழுவில் அவர்களுக்கு உற்ற துணையாக இருப்பவர் பல நேரங்களில் அந்தப் பயிற்றுநர்தான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை நாம் மற்றவரைவிடக் கூடுதலாகக் கேட்கவேண்டும்.

என் பேரன் 2025இல் தொடக்கநிலை ஆறில் படித்தான். கூடைப்பந்துக்காகவே இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தான். அவனோடு ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது, பயிற்றுநரின் ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்று அங்கிருந்த இளம் ஆசிரியையிடம் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று அவர் சொன்னார். கேட்டுச் சொல்வதாக என் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். மூன்று நாள்களில் அழைத்துப் பதிலும் சொன்னார். அதைப் பேரனிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தெம்பனிஸ்