சாரல் விழும்வரை வாணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் நடக்கும் கோயில் விழாக்களில் வாணவேடிக்கைக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் ஊரில் ஒரு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. டீக்கடையில் ஆரம்பித்தது விழாக் கமிட்டிக் கூட்டம் வரைக்கும் வந்து, போன வாரம் கைகலப்பாகாமல் தப்பியது. ஊர்ப் பெயர் எதற்கு? தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் எதுவானாலும் இதே கதைதான்.

எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவைக் கொடை என்போம். பங்குனி பிறந்தால் ஒவ்வோர் ஊராகக் கொடை தொடங்கும். மதியக்கொடை, சாமக்கொடை, வில்லிசை, நையாண்டி மேளம், அப்புறம் வேட்டு. என் சிறு வயதில் வேட்டு என்றால் அதிர்வேட்டும் சரவெடியும்தான். இரும்புக் குழாயில் மருந்தை இடித்து, கோயில் முன்னால் பொட்டல் தரையில் வரிசையாக நட்டுவைத்து வெடிப்பார்கள். சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். நெருப்பு அந்தப் பொட்டலைத் தாண்டாது. இப்போது அப்படி இல்லை. அந்தத் தெரு முப்பது ஷாட் விட்டால் இந்தத் தெரு அறுபது. அவர்கள் அறுபது என்றால் நாங்கள் நூற்றிருபது. எல்லாம் வானத்தில் போய் விரிகிறது. விரிந்தது எங்கே இறங்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

நகரத்து வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பகுதியில் பிசான நெல் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். அறுத்தவுடன் வைக்கோலைக் களத்திலும் வீட்டுக் கொல்லையிலும் படப்பாக அடுக்கிவிடுவோம். மாட்டுக்கு வருடம் முழுக்கத் தீவனம் அதுதான். அதாவது ஊரில் வைக்கோல் மிக அதிகமாகவும் மிகக் காய்ந்தும் இருக்கும் நேரம் எதுவோ, அதே நேரத்தில்தான் ஊர் மேலே வாணம் விடுகிறோம். போதாததற்குக் கொடைப் பந்தலே தென்னங்கிடுகு. மலையைப் பார்த்தால் அடிவாரத்துப் புல் சுக்காகக் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை மலையேற்றப் பாதைகளையே மூடிவைத்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கொடையில் எங்கள் பக்கத்து வீட்டுப் படப்பு எரிந்தது. சாமக்கொடை முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்த நேரம். படப்பில் தீப்பிடித்தால் உடனே கொழுந்துவிட்டு எரியும் என்று நினைப்பீர்கள். இல்லை. உச்சியில் விழுந்த பொறி முதலில் உள்ளேதான் போகும். வெளியே லேசான புகை, கருகின வாசனை, அவ்வளவுதான். கொடைக்குச் சாம்பிராணி போட்ட வாசனை இன்னும் போகவில்லை என்று நானே திரும்பிப் படுத்தேன். தொழுவத்தில் பசு கயிற்றை இழுத்துக் கத்திய பிறகுதான் எழுந்து போனோம். அதற்குள் படப்பின் நடுவயிறு சிவந்துவிட்டது. கம்பால் குத்திப் பிரித்தால் காற்றுப் பட்டுக் குபீரென்று மேலே வருகிறது. பிரிக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டோம். அது வேறோர் ஊரில் காய்ந்த புல்லில் பற்றிய தீயை அணைக்கப் போயிருந்தது. வந்த பிறகும் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. இருபுறமும் கொடைக்குப் போட்ட வளையல் கடை, மிட்டாய்க் கடை. கடைக்காரர்களை எழுப்பித் தட்டியை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது. மாடுகளை அவிழ்த்துவிட்டோம், உயிர்ச் சேதம் இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் படப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கருகின அட்டைக் குழாய் ஒன்று கிடந்தது. எந்தத் தெருக்காரர்கள் விட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவும் அன்று விட்டதுதானே.

இதில் எனக்குப் பிடிபடாத வேடிக்கை ஒன்று உண்டு. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கித் தரை நனைந்து, திரி கூட நமத்துப்போகிற மாதம். அந்தத் தீபாவளிக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு காற்று மாசை நினைத்து வந்தது, தீயை நினைத்து அல்ல. அதனால் மழை மாதத்துக்கு விதி இருக்கிறது. கத்திரி வெயிலில் எல்லாம் பஞ்சாகக் காய்ந்து கிடக்கும்போது, வானிலையைப் பார்த்து இன்றைக்கு வாணம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஆள் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சாமக்கொடை வேட்டு சாமத்தில்தான் போடுகிறார்கள். பசுமைப் பட்டாசு என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அதில் புகை குறையும், சரி. பொறி பொறிதானே? வைக்கோலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சித்திரை முதல் நாளான ஏப்ரல் 14 அன்றுதான் தீத்தொண்டு வாரமும் தொடங்குகிறது. 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வீரர்கள் வந்து, எண்ணெயில் பற்றிய தீயை ஈரச் சாக்கால் மூடி அணைத்துக் காட்டுவார்கள், பிள்ளைகள் கைதட்டும். அதே வாரத்தில் அதே பிள்ளைகள் ராக்கெட்டைக் கையில் பிடித்து விடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கமிட்டிக் கூட்டத்தில் நான் இதைப் பேசியபோது மூத்தவர் ஒருவர் கேட்டார்: "ஏ தம்பி, வேட்டு இல்லாத கொடை ஒரு கொடையால? நாளைக்கு மேளமும் வேண்டாம்ப, வில்லுப்பாட்டும் வேண்டாம்ப." அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாடு என்று வந்தாலே முதலில் அம்மன் கோயில் வாசலில்தான் வந்து நிற்கும். கட்சிக்காரர்கள் சரவெடி போட்டால் யார் கேட்கிறார்கள்? 2014, 2016, 2019, 2021, 2024 என்று எண்ணிப் பாருங்கள், மக்களவை, சட்டமன்றத் தேர்தல் எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்திருக்கிறது. தலைவர் வண்டி திரும்புகிற முக்கில் பத்தாயிரம் வாலாவை உருட்டிவிடுவார்கள். பக்கத்தில் கூரை வீடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம் எல்லாமே அப்படித்தான். அதனால்தான் நான் கேட்பது கோயிலுக்கான விதி அல்ல, மாதத்துக்கான விதி. காய்ந்த மாதத்தில் யார் விட்டாலும் தப்பு என்று இருந்தால் அந்த அண்ணாச்சிக்கும் மனக்குறை இருக்காது.

சிவகாசிப் பிழைப்பு என்னாகும் என்று இன்னொருவர் கேட்டார். என் சொந்தத்திலேயே இரண்டு பேர் அங்கே வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் சிவகாசியில் செய்வதில் பெரும்பகுதி விற்பது தீபாவளிக்கு. சித்திரையில் நாங்கள் விடாமல் போகும் நாலு பெட்டியால் அடுப்பு அணைந்துவிடாது.

கேரளத்துப் பரவூரை மறந்துவிட்டோமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. செங்கோட்டையில் ரயில் ஏறினால் கொல்லம்; அதற்குப் பக்கம்தான். 2016 ஏப்ரல் 10 விடிகாலையில் புற்றிங்கல் தேவி கோயிலில் போட்டி வாணவேடிக்கை. மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்தும் நடந்தது. ஒரு பொறி வெடி அடுக்கிய கட்டடத்தில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே காரணம் கோடை வறட்சி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறி எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

2019 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோது தலைநகர் கான்பெராவில் புத்தாண்டு வாணவேடிக்கையை ரத்து செய்தார்கள். சிட்னியில் விலக்குக் கொடுத்து நடத்தினார்கள். அங்கே கீழே துறைமுகத் தண்ணீர் இருக்கிறது. எங்கள் குளத்தில் தண்ணீர் கிடந்தால் நானே கரையில் நின்று வேடிக்கை பார்ப்பேன். சித்திரையில் குளமே காய்ந்த கோரைக் காடு.

நான் கேட்பது இவ்வளவுதான். பங்குனி முதல் தேதியிலிருந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் குற்றாலத்தில் சாரல் விழும்வரை மேலே போகிற எதுவும் வேண்டாம், ராக்கெட், ஷாட் உட்பட. அதிர்வேட்டும் சரமும் இருக்கட்டும். கோயில் பொட்டலில், தண்ணீர் லாரி பக்கத்தில் நிற்க, இரவு 10 மணிக்குள். நடுவில் நல்ல கோடைமழை பெய்து தரை நனைந்தால், தீயணைப்பு நிலைய அலுவலர் பார்த்து அந்தக் கொடைக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். கடைகளைத் தெருவின் ஒரு பக்கம் மட்டும் போடச் சொல்வது அதைவிட முக்கியம். அதற்குப் பேரூராட்சிக்கு எந்தச் சட்டமும் புதிதாக வேண்டாம், ஒரு சுண்ணாம்புக் கோடு போதும்.

இந்த வருடக் கொடை சித்திரைக் கடைசிச் செவ்வாய். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, 'மாபெரும் வாணவேடிக்கை' என்று சிவப்பு எழுத்தில். பக்கத்து வீட்டுக்காரர் பிசான வைக்கோலை இன்னும் களத்திலேயே போட்டுவைத்திருக்கிறார். கொல்லைக்குக் கொண்டுவருவதா, கொடை கழியட்டும் என்று விடுவதா என்று நேற்றும் என்னிடம் வந்து கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்.