பேர் சொல்லாமப் போன அண்ணாச்சிக்கு

பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையில் பிரிட்டன் சேரிட்டி ஒர்க்கர் விசாவுக்கான (அங்குள்ள தொண்டு அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போகிறவர்களுக்கானது) தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிய அண்ணாச்சிக்கு எங்கள் தொண்டர் குழுவின் நன்றி.

அவர் பென்சிலால் வட்டம் போட்டது பேங்க் ஸ்டேட்மென்ட்டில். 1,270 பவுண்டுக்கு ஈடான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்கணும்; ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை திரும்ப ஒண்ணிலிருந்து. ரூபாய் சரியும், கொஞ்சம் கூடவே போட்டு வையுங்க என்றார். முதல் மாதச் செலவை நம்மைக் கூப்பிடும் அந்த அமைப்பே ஏற்பதாக, அது தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் குறித்திருந்தால் இந்தப் பாடே இல்லை. அதைத்தான் முதலில் கேட்கணும்! சான்றிதழ் எண் கிடைத்த 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்கணும். 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால் காசநோய்ப் பரிசோதனை, அதுவும் பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்கில். நம்மூர் எக்ஸ்ரே செல்லாது.

ஜெராக்ஸ் காசையும் நீங்களே கொடுத்துட்டீங்க அண்ணாச்சி. அடுத்த தடவை அல்வா எங்க செலவு.