மருந்துச்சீட்டோடு முடிந்துபோன குடும்ப மருத்துவம்: ஒரு புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்ப மருத்துவர் திட்டத்தில் பல ஆண்டுகளாகச் சந்தா செலுத்திவரும் நான், நான்கு மாத அலைச்சலுக்குப் பின் வேறு வழியின்றி இதை எழுதுகிறேன்.

என் தாயாருக்கு மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதை உங்கள் மருத்துவர் சரியாகவே கண்டறிந்தார். வைட்டமின் பி12, தைராய்டு குறைபாடுகள் காரணமல்ல என்று உறுதிசெய்துகொண்டார். நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 17 என்று காட்டினார். டோனெபெசில் என்ற மருந்தை எழுதிக்கொடுத்து, அது நோயைக் குணப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால், பகல்நேரப் பராமரிப்பு மையம் அருகில் எங்கே இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் யாரிடம் ஆலோசனை கேட்பது என்றதும் வரவேற்பறையைக் கைகாட்டினார். வரவேற்பறை உதவி எண்ணைத் தந்தது. உதவி எண்ணிலோ, "அதை டாக்டர்தான் சொல்லணும்" என்றார்கள். இப்படி ஐந்து சுற்று.

ஐந்தாம் முறை பேசியவர், "வயசானா மறதி சகஜம்தானே மேடம், இதுக்கெல்லாமா தனி சர்வீஸ்?" என்று சிரித்தார். மாலையானால் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலிலேயே நின்று "வீட்டுக்குப் போகணும்" என்று அழும் ஒருவரைப் பற்றித்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அதற்கு முன்பே நடந்தது இன்னும் மோசம். உங்கள் கிளினிக் அச்சிட்டுத் தந்த பட்டியலில் இருந்த முகவரியை நம்பி ஒரு மணி நேரம் பயணம் செய்து போனால், அது குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி மையம். திரும்பும் வழியில் உடையை நனைத்துவிட்ட என் தாயார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பராமரிப்பாளர்கள் மாதந்தோறும் கூடும் இடம் உங்கள் கிளினிக்கின் பின்தெருவிலேயே இருக்கிறது. மருத்துவர் தன் அறை ஜன்னலைத் திறந்தால் அந்தக் கட்டடம் தெரியும். இதை எனக்குச் சொன்னவர், காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த இன்னொரு நோயாளியின் மகன். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஏற்ற மறதிநோய்ச் செயல்திட்டத்தின் ஏழு பகுதிகளில் பராமரிப்பாளர்களுக்கான ஆதரவும் ஒன்று. மருத்துவ நிறுவனம் நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

என் வேலை, உறக்கம், நிம்மதி அத்தனையும் உங்களால் அழிந்தன. தயவுசெய்து நீங்கள் அச்சிட்டுத் தந்த அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். மருத்துவர்களிடம் அதைக் கொடுத்து, பொறுப்பாளர் ஒருவரையும் நியமியுங்கள். நான்கு மாதச் சந்தாவும் எழுத்துப்பூர்வமான பதிலும் 15 நாட்களுக்குள் வராவிட்டால், அழைப்பு விவரங்கள் அனைத்துடனும் நுகர்வோர் நீதிமன்றத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்