கோடை ஊழியத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கும்போது பல சபைகளில் வாலிபர்களை முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்து, வெளிநாட்டுப் பணித்தளங்களுக்கு அனுப்பிவைக்கிறார்கள். சிலர் இரண்டு வாரம் போகிறார்கள், சிலர் இரண்டு மாதம். அப்படிப் போகும் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் என்ற முறையில், அனுப்பும் சபைகளும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறோம். வரவேற்கும் சபை தானாகக் கேட்காத வேலைக்கு ஒரு பிள்ளையைக்கூட விமானம் ஏற்றக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேட்டுத்தானே போகிறோம் என்று பலர் சொல்வார்கள். எப்படிக் கேட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "உங்கள் ஊரில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தலாமா?" என்று எழுதினால், எந்தப் போதகரும் மரியாதைக்காகச் சரி என்றுதான் பதில் எழுதுவார். "அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் சபைக்கு எந்த வேலையில் ஆள் தேவைப்படுகிறது? எத்தனை பேர், எந்த வாரம்? நாங்கள் வராவிட்டால் அதை யார் செய்வார்கள்?" என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் முக்கியமானது. உள்ளூர்க் கொத்தனார் கூலிக்குச் செய்துவிடுவார் என்று பதில் வந்தால், பத்துப் பேரின் விமானக் கட்டணத்தை வைத்து அந்தக் கொத்தனாருக்கு எத்தனை நாள் வேலை கொடுக்கலாம் என்று கமிட்டி உட்கார்ந்து கணக்குப் போடட்டும். பயணத் தேதி குறிப்பதற்கு முன்பே வரவேற்கும் சபையின் பதில் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். குழுவுக்கு அங்கே பொறுப்பாளர் யார், ஆண்களும் பெண்களும் எங்கே தங்குவார்கள், மொழிபெயர்ப்பவர் யார், குழு திரும்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது விசா. பல நாடுகள் உள்ளே நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கின்றன. விமான நிலையத்தில் போய் அதைக் கண்டுபிடிக்கும் வாலிபர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் விசாவின் வகை. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வதும் கைப்பிரதி கொடுப்பதும் பல நாடுகளில் விசா விதியை மீறிய குற்றம். மிஷனரிகளுக்கென்று தனி விசா வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. நேபாளத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு ஒருவரை வேறு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டுவரை சிறையும் 50,000 நேபாள ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவர் என்றால், தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்பும் தலைவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். பிடிபட்ட வாலிபன் விமானம் ஏறித் திரும்பிவிடுவான். அவனுக்கு இடம் கொடுத்த போதகரும் அவர் சபையும் அங்கேயேதான் இருக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு அலைகிறவரும் அவர்தான்.

உடல்நலத்தில் நாள்கணக்கு தவறினால் திருத்த முடியாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஐந்தாம் நாள் புறப்படுகிறவரை, சான்றிதழ் கட்டாயம் என்றிருக்கும் நாட்டின் எல்லையில் தடுத்து நிறுத்தலாம். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுதும் மதிப்பு உண்டு. பழைய அட்டையில் 10 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் மறுபடி ஊசி போடத் தேவையில்லை. மலேரியா உள்ள பகுதி என்றால், எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மன அழுத்தம், பதற்றம் போன்றவற்றுக்கு முன்பு சிகிச்சை பெற்றவருக்கு அது ஆகாது என்பதால், பிள்ளைகள் கூச்சப்பட்டு மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. டாக்சிசைக்ளின் தினமும் ஒன்று; வெயிலில் தோல் சீக்கிரம் பொசுங்கும். இவை இரண்டையும் திரும்பிய பிறகு 4 வாரம் தொடர வேண்டும். அடோவகுவோன்–புரோகுவானில் என்றால் 7 நாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கொசு கடித்தபோது உடலுக்குள் போன கிருமி கல்லீரலில் தங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. அதற்குள் மாத்திரையை நிறுத்தினால், அதுவரை விழுங்கியதெல்லாம் வீண்.

வயிற்றுப்போக்கு வராத குழு அபூர்வம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இவற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. சந்தேகம் வந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் 3 நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று ஜெபக்கூட்டம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி ஊழியத்தைப் பற்றி. பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது மொழிபெயர்ப்பில். 20 நிமிடம் பேச நேரம் கிடைத்தால் உங்கள் பேச்சுக்கு உள்ளது 10 நிமிடம்தான், மீதி மொழிபெயர்ப்பவருடையது. இதை மறந்து 20 நிமிடச் செய்தி தயாரித்தவர், கதையின் நடுவிலேயே கூட்டத்தை முடிக்க நேரும். குறிப்பை இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பவரிடம் கொடுங்கள். வசனத்தை நீங்கள் உங்கள் மொழியில் வாசித்து, அதை அவர் மேடையிலேயே மொழிபெயர்க்கும்படி வைக்காதீர்கள். அவருடைய வேதாகமத்திலிருந்து அவரே வாசிக்கட்டும். கேட்கிறவர்களுக்குப் பழகிய வசனம் அதுதான். பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். "தேவன் தம்முடைய" என்று அரைகுறையாக நிறுத்தினால், வினைச்சொல் முன்னால் வரும் மொழிக்காரர் எதை வைத்து வாக்கியம் தொடங்குவார்? சிலேடை, எதுகை, "அ" என்ற எழுத்தில் தொடங்கும் மூன்று தலைப்புகள், இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பேசும்போது மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். ஒரு நாளில் அவரை எத்தனை மணி நேரம் பேசவைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். காலை பள்ளி, மதியம் வீடு சந்திப்பு, இரவு கூட்டம் என்று ஒரே ஆளை இழுத்தடித்தால் மூன்றாம் நாள் தொண்டை போய்விடும். குழுவில் யாருமே அதைக் கவனிக்காதது வேதனை.

மொழிபெயர்ப்பவர் இருக்கிறார் என்று மொழியைக் கற்காமல் போவதும் தவறு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. இன்றைய குழுக்களில் போகும் வாலிபர்களின் வயதுதான். அவர் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஆறு வாரத்தில் அதைச் செய்ய முடியாதுதான். ஆனால் புறப்படுவதற்கு முன் 100 சொல் படிக்கலாம். வணக்கம், நன்றி, மன்னியுங்கள், உங்கள் பெயர் என்ன, ஒன்று முதல் இருபது, வலிக்கிறதா, போதும். பிழையாகப் பேசும் வாலிபனைத் திருத்தும்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள். நட்பு அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைகள் ஊழியத்தில் எண்ணிக்கையை நம்பிப் பொருள் வாங்காதீர்கள். முதல் நாள் 40 பேர் வந்தால் மூன்றாம் நாள் 90 பேர் வரலாம். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல், பசை என்று திட்டமிடும் கைவேலை அன்று குலைந்துபோகும். கடைசி வரிசைப் பிள்ளை வெறுங்கையோடு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். தாள் மடிப்பு, நடித்துக் காட்டும் கதை, கையசைவுப் பாட்டு, இவற்றில் ஆள் கூடினாலும் கவலை இல்லை. வேண்டிய பொருளை அங்கேயே வாங்குங்கள். குழு திரும்பிய பிறகும் உள்ளூர் ஞாயிறுபள்ளி ஆசிரியர் அதே பொருளால் நடத்த முடியும். பாடத்தின் பாதியையாவது அந்த ஆசிரியரே நடத்த வேண்டும். தனி அறையில் ஒரு பிள்ளையோடு ஒரே ஒரு பெரியவர் இருக்கவே கூடாது. எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்தபடி. போகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேளுங்கள். போதகரின் மகனானாலும் விலக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறோம். கடைசி நாளில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று மொழிபெயர்ப்பு வழியாகக் கேட்டு, தூக்கிய கைகளை எண்ணி அறிக்கையில் எழுதும் வழக்கம் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து வந்த விருந்தினர் கேட்டால் பிள்ளைகள் எல்லோருமே கை தூக்குவார்கள். அடுத்த ஊரில் அடுத்த குழு கேட்டாலும் அதே கைகள் எழும். அந்த எண்ணிக்கையை வைத்து ஞானஸ்நானம் எத்தனை என்று உள்ளூர்ப் போதகரிடம் கணக்குக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

கட்டட வேலைக்குப் போகும் குழுக்கள், கொத்தனார் செய்யும் வேலையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் பிடிக்கத் தெரியாதவர் வைத்த செங்கல் வரிசையை இரவில் இடித்துத் திரும்பக் கட்டுவது கொத்தனாருக்கு இரட்டை வேலை. மணல் சலிப்பது, கல் சுமப்பது, போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது, இவற்றுக்குத்தான் ஆள் வேண்டும். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், பலமும் குறையும். 10 நாள் பயணத்தில் எட்டாம் நாள் தளம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு புறப்படும் குழு, தண்ணீர் விட யாருக்கும் கூலி வைக்காமல் போவது உண்டு.

அனாதை இல்லங்களில் ஊழியம் செய்ய இளைஞர்களை அனுப்பவே கூடாது என்பது எங்கள் கருத்து. இத்தகைய இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. வெளிநாட்டு விருந்தினரும் காணிக்கையும் வர வர, இல்லத்தை நிரப்பப் பிள்ளைகளைத் தேடும் நிலை உருவாகிறது. ஆஸ்திரேலியா 2018-இல் இயற்றிய நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி, அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றது. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, 33 பிள்ளைகளை உரிய தாள்கள் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற 10 அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது. நல்ல மனதோடு போனவர்களுக்கே அப்படி நேர்ந்தது. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் பிரிகிற ஒவ்வொரு குழுவும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறது. பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்திருக்க உதவும் சபைகளைத் தாங்குங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மருத்துவ விமானத்தில் வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். தனி ஆட்கள் கையில் பணமோ பரிசோ கொடுக்காமல், கொடுப்பதையெல்லாம் உள்ளூர்ச் சபைக் கமிட்டி வழியாக ரசீதோடு கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் கொடுத்த பரிசால் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றுபோகும். பிள்ளைகளின் முகம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து இணையத்தில் போடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி உள்ள நாடு என்றால், உள்ளூர்ப் போதகர் சம்மதிக்காமல் ஒரு படம்கூட வேண்டாம், திரும்பி வந்த பிறகும்.

திரும்பியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், ஓர் ஆண்டுவரை எந்த மருத்துவரிடம் போனாலும் எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலேரியா அவ்வளவு காலம் கழித்தும் வரும். சபையில் சாட்சி சொல்ல உடனே மேடை ஏற்றாமல், குழுத் தலைவர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசட்டும். பார்த்த வறுமையும் பிரிந்து வந்த வலியும் சிலரைப் பல வாரம் தூங்கவிடுவதில்லை. அங்கே யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். "எழுதுகிறேன்", "அடுத்த ஆண்டு வருகிறேன்" என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

அனுப்பும் சபைகளிடம் எங்கள் வேண்டுகோள் இது. குழுவின் அறிக்கையோடு நிறுத்தாமல், வரவேற்ற சபையிடமும் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். எது உதவியது, எது பாரமாக இருந்தது, அடுத்த ஆண்டு குழு வேண்டுமா வேண்டாமா என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். காணிக்கை நின்றுவிடும் என்ற பயத்தில் அவர்கள் எழுதத் தயங்கலாம்; ஆகவே பதில் எதுவானாலும் உதவி தொடரும் என்று முன்பே உறுதி கொடுங்கள். அந்தக் கடிதத்தை ஆராதனையில் முழுமையாக வாசித்த பிறகு அடுத்த பயணத்துக்குத் தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
குறுகிய கால ஊழியக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கும் வாசகர்கள்