ஐந்தாம் ஹென்றியும் எங்கள் மைதானத்துச் சேறும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இம்முறை ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தைத் தமிழாக்கி, மேடையேற்றாமல் படமாக எடுக்கிறார்கள். ஒத்திகை தொடங்கிய நாள்முதல் என் அறைக்கு வரும் பெற்றோரில் பாதிப்பேருக்கு ஒரே குறை: “சேர், மகன் பாடமாக்கின வசனத்தை எல்லாம் வெட்டிப்போட்டீங்களே!”

வெட்டியது உண்மைதான். இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி பிரான்ஸில் நடத்திய போரைப் பற்றி 1599 அளவில் எழுதப்பட்ட நாடகம் அது. தொடக்கத்திலேயே கட்டியங்காரன்போல ஒருவர் வந்து, இந்தச் சின்ன மேடைக்குள் பிரான்ஸின் போர்க்களத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று சபையோரிடம் மன்னிப்புக் கேட்பார். குதிரை, படை, கடல் எல்லாவற்றையும் சொல்லால்தான் காட்டவேண்டியிருந்தது. கமராவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. (எங்களிடமும் குதிரை இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால்... சரி, விடுவோம்.)

அடுத்தது குரல். நாங்கள் எல்லோரும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனம் பேசி வளர்ந்தவர்கள். அதுவும் மேடையிலிருந்து 1959இல் திரைக்கு வந்ததுதான். சிவாஜி மேடைக் குரலைக் குறைக்காமலே வென்றார். பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கமராவை வைத்துவிட்டு அப்படி முழங்கச் சொன்னால் பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். 1944இல் ஆங்கில நடிகர் லோரன்ஸ் ஒலிவியர் இதே நாடகத்தைப் படமாக்கியபோது, போருக்கு முன் அரசன் ஆற்றும் உரையில் குரல் உயர உயரக் கமராவைப் பின்னுக்கு இழுத்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியில் கைத்தொலைபேசியைக் கட்டி முயன்றார்கள். நன்றாகவே வந்திருக்கிறது.

ஓரிடத்தை வெட்ட மட்டும் நான் சம்மதிக்கவில்லை. போரின் நடுவே, பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளைக் கொல்லும்படி ஹென்றி கட்டளையிடுகிறான். ஒலிவியரின் படத்தில் அது இல்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், படமே பிரித்தானியப் படையினருக்குக் காணிக்கை. குறையில்லாத அரசன்தான் அன்று தேவைப்பட்டான். எங்கள் நாட்டில் இதை ஏன் கிளறவேண்டும் என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் கட்டளையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெற்றி ஊர்வலம். கொலையையோ இரத்தத்தையோ காட்டமாட்டோம். கட்டளை காதில் விழும், அதைக் கேட்கும் சிப்பாய் ஒருவனின் முகம் மட்டும் தெரியும். அவனுக்கு ஒரு வரி வசனமும் இல்லை. அந்த வேடம் கிடைத்த பிள்ளையின் வீட்டார் மனம் நோகவேண்டாம், ஆகக் கடினமான வேலை அவனுக்குத்தான்.

அப்புறம், சேறு. நாடகத்தில் வரும் அந்தப் போர் பிரான்ஸின் அஜின்கோர்ட்டில் நடந்தது 1415 ஒக்டோபர் 25இல். முதல்நாள் இரவு பெய்த மழையில் உழுத வயல் சேறாகி, கவசம் பூண்ட பிரெஞ்சுப் படை அதில் சிக்கித் தடுமாறியது. கொழும்பின் ஒக்டோபர் மழைக்கு எங்கள் மைதானம் செலவில்லாமலே அஜின்கோர்ட் ஆகிவிடும். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் காலில் காயமுள்ளவர்களைச் சேற்றில் இறக்கமாட்டோம். மற்றவர்களுக்கு முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து, மாற்றுடுப்பு, துவாய் கொடுத்துவிடுங்கள். சப்பாத்துக்கு மேல் வெள்ளித்தாள் சுற்றினால் அதுவே கவசம்.

படப்பிடிப்பு ஒக்டோபரின் கடைசி இரண்டு சனிக்கிழமைகளில், காலை 7.30 முதல் பிற்பகல் 1 மணிவரை. சம்மதப் படிவத்தை வரும் வெள்ளிக்கு முன் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். மழை பெய்தாலும் படப்பிடிப்பு உண்டு. வெயில் எறித்தால்தான் யோசிக்கவேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்